ஒஃபா: காசிலும் மண்கரையிலும் படிக்க வேண்டிய அரசன்

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஒரு தங்கக் காசு இருக்கிறது. இரண்டு பக்கமும் அரபு எழுத்து. இறைவன் ஒருவனே என்னும் இஸ்லாமிய உறுதிமொழி அதில் இருக்கிறது. ஹிஜ்ரி 157 என்ற ஆண்டும் இருக்கிறது. அதாவது கி.பி. 773-774. பாக்தாதிலிருந்து ஆண்ட கலீபா அல்-மன்சூரின் தினாரைப் பார்த்து அடித்த நகல் அது. ஆனால் ஒரு பக்கத்தில், அரபு வரிகளுக்கு இடையே, லத்தீனில் இரண்டு சொற்கள் புகுந்திருக்கின்றன: 'ஒஃபா ரெக்ஸ்'. 'அரசன் ஒஃபா' என்று பொருள்.

அரபு எழுத்து நேராக இருக்கும்படி காசைப் பிடித்தால் அரசனின் பெயர் தலைகீழாகத் தெரியும். அச்சைச் செதுக்கியவருக்கு அரபு தெரியாது; எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்பதுகூடத் தெரியாது. அது எழுத்து என்பதை உணர்ந்தாரா, வெறும் கொடிவேலைப்பாடு என்று நினைத்தாரா என்று எனக்குள் பலமுறை கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர் ஊராகச் செல்லுபடியாகும் உயர்ந்த காசு இது, நம் அரசன் பெயரும் இதில் ஏற வேண்டும் என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஒஃபா, கி.பி. 757 முதல் 796 வரை 39 ஆண்டுகள் மெர்சியா என்னும் நாட்டை ஆண்டவன். ஆங்கிலோ-சாக்சன் அரசர்களில் ஒன்பதாம் நூற்றாண்டில் வெசெக்ஸை ஆண்ட ஆல்ஃபிரட்டுக்கு முன் வந்தவர்களுள் மிகவும் வலியவன் என்று ஒருவனைச் சொல்ல வேண்டுமானால் நான் இவனைத்தான் சொல்வேன். ஆனாலும் பிரிட்டனுக்கு வெளியே இவன் பெயரைக் கேட்டவர்கள் குறைவு. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்வதற்கு முன் அந்தக் காலத்து நாட்டு நிலையைச் சற்றுப் பார்த்துவிடுவோம்.

கி.பி. 410 வாக்கில் ரோமானியர் பிரிட்டன் மீதிருந்த பிடியை விட்டார்கள். அதன்பின் வடகடலுக்கு அப்பாலிருந்து, இன்றைய டென்மார்க், வட ஜெர்மனிப் பகுதிகளிலிருந்து, ஆங்கிள்கள், சாக்சன்கள், ஜூட்கள் என்ற மக்கள் வந்து குடியேறினார்கள். இவர்களையும் இவர்கள் வழிவந்தவர்களையும் சேர்த்துத்தான் ஆங்கிலோ-சாக்சன்கள் என்கிறோம். இங்கிலாந்து என்று ஒரு நாடு அப்போது இல்லை. நார்தம்பிரியா, மெர்சியா, கிழக்கு ஆங்கிலியா, எசெக்ஸ், கென்ட், சசெக்ஸ், வெசெக்ஸ் என்று ஏழு அரசுகளைப் பாடநூல்கள் சொல்லும். உண்மையில் ஏழு என்ற கணக்கு பிற்காலத்தவர் வசதிக்காகப் போட்டது. இடையிடையே பல சிறிய குலங்களும் குறுநிலங்களும் இருந்தன. ஒன்று இன்னொன்றை விழுங்கிக்கொண்டே இருந்தது.

மெர்சியா இவற்றின் நடுவில், இன்று மிட்லண்ட்ஸ் என்று அழைக்கப்படும் பகுதியில் இருந்தது. டாம்வொர்த் அதன் அரசர்கள் விரும்பித் தங்கிய ஊர். லிச்ஃபீல்ட் அதன் ஆயர் இருந்த ஊர். 'மெர்சியர்' என்ற பெயருக்கே 'எல்லையோர மக்கள்' என்றுதான் பொருள். மேற்கே வேல்ஸ். அங்கே பழைய பிரித்தானியரின் அரசுகள் தங்கள் மொழியோடும் தங்கள் அரசர்களோடும் நின்றுகொண்டிருந்தன.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயரின் தொடக்கக் கால வரலாற்றை எழுதிய துறவி பீட் 731-இல் தம் நூலை முடித்து 735-இல் காலமானார். அடுத்த பெரிய வரலாற்று ஏடான 'ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு' 890-களில் வெசெக்ஸில், ஆல்ஃபிரட்டின் காலத்தில் தொகுக்கப்பட்டது. ஒஃபா இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டான். அவன் அரசவையில் இருந்துகொண்டு அவன் கதையை எழுதிய ஒருவரின் நூல்கூட நம் கைக்கு வரவில்லை. வெசெக்ஸ்காரர்கள் தங்கள் குறிப்பேட்டில் அவனைப் பற்றி ஆங்காங்கே ஒரு வரி, இரண்டு வரி எழுதியதோடு சரி.

ஆகவே ஒஃபாவை அவன் விட்டுச் சென்ற பொருள்களிலிருந்துதான் படிக்க வேண்டும். காசுகள், நிலக்கொடைப் பட்டயங்கள், அவனுக்கு வந்த கடிதங்கள், ஒரு நீண்ட மண்கரை. எனக்கு இந்த அரசன் மீது இவ்வளவு ஈடுபாடு வந்ததே இதனால்தான். புகழ்பாட ஆளில்லாத ஒருவனை அவன் கைத்தடங்களை வைத்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது.

அவன் ஆட்சிக்கு வந்த கதையில் ரத்தம் இருக்கிறது. அவனுக்கு முன் எத்தல்பால்ட் 41 ஆண்டுகள் மெர்சியாவை ஆண்டான். 757-இல் ஓர் இரவில் அவனுடைய மெய்க்காவலர்களே அவனைக் கொன்றுவிட்டார்கள். பியோர்ன்ரெட் என்பவன் சிறிது காலம் அரியணையில் இருந்தான்; அதே ஆண்டில் ஒஃபா அவனை விரட்டிவிட்டு ஆட்சியைப் பிடித்தான். ஒஃபா முந்தைய அரசனின் மகன் அல்லன். அரச குலத்தின் இன்னொரு கிளையைச் சேர்ந்தவன். அரியணை எவ்வளவு எளிதாகக் கைமாறும் என்பதை அவன் நேரில் பார்த்தவன். பின்னாளில் தன் மகனுக்காக அவன் செய்த எல்லாவற்றுக்கும் இந்த ஆண்டே விதை என்பது என் எண்ணம்.

அவன் அண்டை அரசுகளை எப்படி விழுங்கினான் என்பதற்குப் பட்டயங்களே சாட்சி. நிலக்கொடைப் பட்டயத்தில் சாட்சியாக ஒப்பமிடுவோர் தங்கள் பட்டத்தையும் சேர்த்தே எழுதுவார்கள். மெர்சியாவின் தென்மேற்கில் ஹ்விச்சே என்ற சிறிய அரசு இருந்தது. அதன் ஆட்சியாளர்கள் முன்பு தங்களை அரசர் என்றார்கள். பிறகு 'சிற்றரசர்' ஆனார்கள். ஒஃபாவின் 778-ஆம் ஆண்டுப் பட்டயம் ஒன்றில், ஹ்விச்சே மக்களின் தலைவன் எல்ட்ரெட் சிற்றரசனாகவும் படைத்தலைவனாகவும் மட்டுமே குறிக்கப்படுகிறான். அவனுக்குப் பின் அந்த மக்களுக்கு அரசர் என்று யாரும் இல்லை. ஒரு பட்டத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தேய்ப்பது போல் ஓர் அரசையே தேய்த்துவிட்டார்கள்.

கென்ட் அவ்வளவு எளிதாகப் பணியவில்லை. தென்கிழக்கு மூலையில் இருந்த பழைய, செல்வமான அரசு அது. கடலுக்கு அப்பால் ஐரோப்பாவோடு வாணிகம், கேன்டர்பரியில் பேராயர். 776-இல் ஒட்ஃபர்ட் என்ற இடத்தில் மெர்சியரும் கென்ட் மக்களும் போரிட்டார்கள் என்று குறிப்பேடு சொல்கிறது. வென்றது யார் என்று சொல்லவில்லை. அதன்பின் சில ஆண்டுகள் கென்ட் அரசர்கள் ஒஃபாவின் பெயரைச் சொல்லாமலே நிலக்கொடை அளித்திருக்கிறார்கள் என்பதால் அவன் தோற்றிருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். 785 வாக்கில் கென்ட் மீண்டும் அவன் பிடியில் வந்துவிட்டது.

வந்ததும் அவன் செய்த ஒரு காரியம் அவன் மனத்தை அப்படியே காட்டுகிறது. கென்ட் அரசன் எக்பெர்ட் முன்பு கொடுத்திருந்த நிலக்கொடையை ஒஃபா செல்லாததாக்கினான். அதற்கு அவன் சொன்ன காரணம், பின்னால் எழுதப்பட்ட ஒரு பட்டயத்தில் பதிவாகியிருக்கிறது: தலைவன் தனக்குக் கொடுத்த நிலத்தை, அந்தத் தலைவனின் சாட்சி இல்லாமல் வேறொருவருக்குக் கொடுக்க ஒரு பணியாளனுக்கு உரிமை இல்லை. எக்பெர்ட் தன்னை அரசன் என்று நினைத்துக்கொண்டிருந்தான். ஒஃபாவின் கண்ணில் அவன் பணியாளன்.

அடுத்து வெள்ளிக் காசு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஒஃபாவுக்கு முன் இங்கிலாந்தில் சிறிய, தடித்த வெள்ளிக் காசுகள் புழங்கின. பெரும்பாலானவற்றில் அரசன் பெயர் இருக்காது. நாளாக நாளாக அவற்றில் வெள்ளியும் குறைந்துபோயிற்று. கடலுக்கு அப்பால், இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய பிராங்கு நாட்டில் அரசன் பெப்பின் அகலமான, மெல்லிய புதிய வெள்ளிக் காசைக் கொண்டுவந்தான். அதைப் பின்பற்றித் தென் இங்கிலாந்தில் வந்ததுதான் பென்னி. ஒஃபாதான் இதைக் கண்டுபிடித்தான் என்று சொல்ல முடியாது. கென்ட் அரசர்களின் பெயரிலும் தொடக்கக் காலப் பென்னிகள் உண்டு. ஆனால் அதைப் பெருமளவில் அடித்து, தரம் காத்து, நிலைக்க வைத்தவன் அவன்தான்.

அவனுடைய பென்னி ஒன்றைக் கையில் எடுத்தால் எப்படி இருக்கும்? கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியது. எடை ஏறத்தாழ 1.3 கிராம். தாளைப் போல் மெல்லியது. சிலவற்றில் ஒரு பக்கம் அரசனின் முகம்: ரோமப் பேரரசனைப் போல் பக்கவாட்டில் திரும்பிய தலை, சுருள் சுருளாக வாரிவிட்ட முடி. சுற்றிலும் அவன் பெயர். மறுபக்கம் காசை அடித்தவரின் பெயர். இபா, எயோபா என்று அந்த நாணயக்காரர்களின் பெயர்களை இன்றும் படிக்கலாம். பெயரைப் பொறித்தது பெருமைக்காக மட்டும் இருக்க முடியாது. காசில் வெள்ளி குறைந்தால் யாரைப் பிடித்துக் கேட்பது என்பது காசிலேயே எழுதியிருக்கிறது. அந்தச் செதுக்கு வேலையின் நுணுக்கத்தைப் பார்க்கும்போது, இங்கிலாந்தில் அதன்பின் பல நூற்றாண்டுகளுக்கு இவ்வளவு அழகான காசு வரவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

ஒரு பவுண்டு எடை வெள்ளிக்கு 240 பென்னி என்ற கணக்கு அந்தக் காலத்தில் வேர்விட்டது. அதே 240 பென்னி ஒரு பவுண்டு என்ற கணக்கு பிரிட்டனில் 1971 பிப்ரவரி 15 வரை நடைமுறையில் இருந்தது. நம் நகைக்கடைகளில் 8 கிராமைப் 'பவுன்' என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். ஒரு பவுண்டு மதிப்புள்ள ஆங்கிலேயத் தங்கக் காசின் எடை அது.

இன்னொரு வியப்பு, அரசி கினெத்ரித். ஒஃபாவின் மனைவி. அவள் பெயரிலும் காசு அடித்தார்கள். அடித்தவர் மேலே சொன்ன எயோபாதான். அரசி என்ற பட்டத்தோடு காசில் இடம்பெற்ற ஆங்கிலோ-சாக்சன் அரசி இவள் ஒருத்தியே. ஒஃபா ஏன் இப்படிச் செய்தான்? தன் மனைவி முறையான அரசி, அவள் வயிற்றுப் பிள்ளை முறையான வாரிசு என்று எல்லாரும் கையில் எடுத்துப் பார்க்கும் பொருளிலேயே அறிவித்துவிட்டான் என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

அந்த வாரிசின் பெயர் எக்ஃப்ரித். தான் உயிரோடு இருக்கும்போதே மகனை அரசனாக்கிவிட வேண்டும், அதுவும் திருச்சபையின் கையால் புனித எண்ணெய் பூசி ஆக்க வேண்டும் என்று ஒஃபா விரும்பினான். பிராங்கு அரசன் சார்லமேனின் பிள்ளைகளுக்கு 781-இல் ரோமில் திருத்தந்தையே அப்படிச் செய்திருந்தார். ஆனால் தெற்கே இருந்த ஒரே பேராயர், கேன்டர்பரியின் யேன்பெர்ட், கென்ட் மண்ணைச் சேர்ந்தவர். ஒஃபாவுக்கும் அவருக்கும் ஆகாது. ஒஃபா அவரோடு வாதாடிக்கொண்டிருக்கவில்லை. புதிதாக ஒரு பேராயத்தையே உண்டாக்கினான்.

786-இல் திருத்தந்தையின் தூதர்கள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு செல்சியில் திருச்சபை மன்றம் கூடியது. 'சச்சரவு நிறைந்த மன்றம்' என்றே குறிப்பேடு அதைச் சொல்கிறது. அங்கே யேன்பெர்ட்டின் ஆளுகையில் ஒரு பகுதி பிரிக்கப்பட்டு, மெர்சியாவின் லிச்ஃபீல்டுக்குக் கொடுக்கப்பட்டது. அங்கிருந்த ஆயர் ஹிகெபெர்ட் பேராயரானார். எக்ஃப்ரித் அரசனாகத் திருநிலைப்படுத்தப்பட்டான். ஆங்கிலேய அரசர்களில் இப்படி ஒரு சடங்கு நடந்ததாக நமக்குத் தெரிய வரும் முதல் பதிவு இதுதான்.

சார்லமேனோடு அவனுக்கிருந்த உறவைச் சொல்லாமல் ஒஃபாவின் கதை நிறைவடையாது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் தன் மகன் சார்லஸுக்கு ஒஃபாவின் மகளைக் கேட்டான். சரி, அப்படியானால் உன் மகள் பெர்த்தாவை என் மகன் எக்ஃப்ரித்துக்குக் கொடு என்று ஒஃபா பதில் சொன்னான். பெண் எடுக்கலாம், கொடுக்க முடியாது என்ற இடத்தில் இருந்த சார்லமேனுக்கு இது பொறுக்கவில்லை. ஆங்கிலேய வணிகர்களுக்குத் தன் துறைமுகங்களை மூடிவிட்டான். ஜெர்வோல்ட் என்ற மடாதிபதி நடுவில் நின்று சமாதானம் செய்துவைத்தார்.

796-இல் சார்லமேன் ஒஃபாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. 'அன்புச் சகோதரர்' என்று அழைக்கிறான். ரோமுக்குப் போகும் யாத்திரிகர்களுக்கு வழியில் தொந்தரவு இராது. ஆனால் யாத்திரிகர் வேடத்தில் வரும் வணிகர்கள் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும் என்கிறான். நீங்கள் கேட்ட கருங்கற்கள் எந்த நீளத்தில் வேண்டும் என்று ஆள் அனுப்பிச் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறோம் என்கிறான். அதற்குப் பதிலாக ஒரு குறை: உங்கள் நாட்டிலிருந்து வரும் மேலாடைகளின் அளவு மாறிவிட்டதாக எங்கள் மக்கள் சொல்கிறார்கள், பழைய அளவிலேயே நெய்து அனுப்பச் சொல்லுங்கள். கடைசியில் பரிசு: ஓர் இடைக்கச்சை, ஹூணர் வாள் ஒன்று, பட்டு மேலாடை இரண்டு.

இரண்டு அரசர்கள் துணியின் நீளத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் இந்தக் கடிதத்தை நான் மிகவும் நேசிக்கிறேன். அந்தக் காலத்து வாழ்க்கை இதில் மூச்சுவிடுகிறது. போர்களை மட்டுமே எழுதிய குறிப்பேட்டில் கிடைக்காதது இது.

மண்கரை இன்றும் நிற்கிறது. 'ஒஃபாவின் கரை' என்று அதற்குப் பெயர். வேல்ஸ் மொழியில் 'கிளாவ்த் ஒஃபா'. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையே வடக்கு தெற்காக ஓடுகிறது. மேற்குப் பக்கம் அகழி. தோண்டிய மண்ணைக் கிழக்கே குவித்து எழுப்பிய கரை. அகழியும் கரையும் சேர்ந்து சில இடங்களில் 20 மீட்டர் அகலம். 1,200 ஆண்டு மழையும் ஏரும் அரித்த பிறகும் கரை 2.4 மீட்டர் உயரம் நிற்கும் இடங்கள் உண்டு. மலைச்சரிவில் ஏறும்போது மேற்கே வெகுதொலைவு கண்ணுக்கு எட்டும்படி பார்த்துப் பார்த்துத் தடம் போட்டிருக்கிறார்கள்.

ஒஃபாதான் இதைக் கட்டினான் என்று எழுதி வைத்தவர் ஆசர். வேல்ஸைச் சேர்ந்த துறவி. ஆல்ஃபிரட்டின் வரலாற்றை 893-இல் எழுதியவர். அண்டை அரசர்களையெல்லாம் நடுங்க வைத்த ஒஃபா, கடலிலிருந்து கடல்வரை பெரிய கரை ஒன்றைக் கட்டுவித்தான் என்கிறார். தொடர்ச்சியான கரை என்று இன்று நாம் காண்பது அவ்வளவு நீளம் இல்லை. இடையில் ஹெர்ஃபர்ட்ஷயர் பகுதியில் பெரும்பாலும் காணோம். சில பகுதிகள் அவனுக்கு முன்பே தொடங்கியிருக்கலாம் என்ற கருத்தும் உண்டு.

இவ்வளவு மண்ணை யார் சுமந்தார்கள்? பட்டயங்கள் விடை தருகின்றன. யாருக்கு எந்த நிலத்தை வரிவிலக்கோடு கொடுத்தாலும் மூன்று கடமைகளுக்கு மட்டும் விலக்கில்லை: படைக்கு ஆள் அனுப்புவது, பாலம் கட்டுவது, அரண் கட்டுவது. எட்டாம் நூற்றாண்டு மெர்சியாவில் இந்த மூன்றும் நிலத்தோடு ஒட்டிய கடமைகளாகிவிட்டன. மண்வெட்டியும் கூடையுமாக ஊர் ஊராக ஆட்கள் வந்து தங்கள் பங்கைச் செய்திருப்பார்கள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது. அரசனின் பெயர் மட்டும் கரையில் ஒட்டிக்கொண்டது.

கரைக்கு அந்தப் பக்கத்துக் குரலையும் கேட்க வேண்டும். 778-இலும் 784-இலும் ஒஃபா தங்கள் நாட்டைச் சூறையாடியதாக வேல்ஸ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. லாங்கோலன் அருகே எலிசெக் தூண் என்ற கல்தூண் நிற்கிறது. வேல்ஸ் அரசுகளில் ஒன்றான பொவிஸின் அரசன் கிங்கென் ஒன்பதாம் நூற்றாண்டில் தன் முன்னோன் எலிசெக்குக்காக நிறுத்தியது. ஆங்கிலேயரிடமிருந்து பொவிஸ் நிலத்தை வாளாலும் தீயாலும் எலிசெக் மீட்டான் என்று அதில் பொறித்திருந்தார்கள். அப்படியானால் கரை கட்டியது வென்ற மிதப்பில் அல்ல, இழப்பை நிறுத்தவும் இருக்கலாம். நைட்டன் என்ற எல்லை ஊருக்கு வேல்ஸ் மொழியில் 'கரைமேல் ஊர்' என்றே பெயர். 285 கிலோமீட்டர் நீளமுள்ள நடைபாதை ஒன்று இந்த எல்லை வழியாகப் போகிறது. அது திறக்கப்பட்டதும் 1971-இல்தான். பென்னியின் பழைய கணக்கு முடிந்த அதே ஆண்டு.

ஒஃபாவை நல்லவனாக்க எனக்கு விருப்பமில்லை. 794-ஆம் ஆண்டுக்குக் குறிப்பேட்டில் உள்ள செய்தி ஒற்றை வரி: மெர்சியா அரசன் ஒஃபா, எத்தல்பெர்ட்டின் தலையை வெட்டச் சொன்னான். எத்தல்பெர்ட் கிழக்கு ஆங்கிலியாவின் அரசன். அவன் அடித்த காசுகளில் ஒருசிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ரோமைத் தோற்றுவித்த இரட்டையருக்குப் பாலூட்டும் பெண் ஓநாயின் உருவம்; 'அரசன்' என்ற சொல். தன் பெயரில், அரசன் என்ற பட்டத்தோடு காசு அடித்ததுதான் அவன் உயிரைப் பறித்ததா என்று அந்தக் காசைப் பார்ப்பவர்கள் கேட்காமல் இருக்க முடியாது. மக்கள் அவனைப் புனிதனாகக் கொண்டாடினார்கள். ஹெர்ஃபர்ட் பேராலயம் இன்றும் அவன் பெயரைத் தாங்கியிருக்கிறது. பிற்காலக் கதைகள் கொலைப்பழியை அரசி கினெத்ரித் மேல் போட்டன. பழைய குறிப்பு ஒஃபாவைத்தான் சொல்கிறது.

796 ஜூலை 29 அன்று ஒஃபா இறந்தான். எண்ணெய் பூசி ஆயத்தமாக வைத்திருந்த எக்ஃப்ரித் அரியணை ஏறினான். 141 நாள்கள். டிசம்பரில் அவனும் இறந்துவிட்டான். சார்லமேனின் அவையிலிருந்த ஆங்கிலேய அறிஞர் அல்குயின், ஒஃபா இருந்தபோது அவனை வானளாவப் புகழ்ந்தவர். இப்போது மெர்சியப் பெருமகன் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் வேறு மாதிரி பேசினார்: மகனுக்கு அரசை உறுதிப்படுத்தத் தந்தை எவ்வளவு ரத்தம் சிந்தினார் என்பது உங்களுக்கே தெரியும், அது அரசை வலுப்படுத்தவில்லை, அழித்துவிட்டது. அரியணைக்குப் போட்டியாக வரக்கூடிய உறவினரையெல்லாம் ஒஃபா களைந்துவிட்டிருந்தான் என்பதே இதற்குப் பொருள் என்று வரலாற்றாசிரியர்கள் கொள்கிறார்கள். ஆட்சி தூரத்து உறவினன் கோயன்வுல்ஃபுக்குப் போயிற்று. கென்ட் கிளர்ந்தெழுந்தது, இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அடங்கியது. லிச்ஃபீல்ட் பேராயம் 803-இல் கலைக்கப்பட்டது.

இந்தக் கதையில் இன்னொரு இழையும் இருந்தது. ஒஃபாவும் அவன் மருமகனான வெசெக்ஸ் அரசன் பியோர்ட்ரிக்கும் சேர்ந்து எக்பெர்ட் என்ற இளவரசனைப் பிராங்கு நாட்டுக்குத் துரத்தியிருந்தார்கள். முன்பு சொன்ன கென்ட் எக்பெர்ட் வேறு, இவன் வேறு. 802-இல் இந்த எக்பெர்ட் திரும்பி வந்து வெசெக்ஸின் அரசனானான். 825-இல் மெர்சியப் படையை முறியடித்தான். அவன் பேரன்தான் ஆல்ஃபிரட்.

அந்த ஆல்ஃபிரட் தன் சட்டத்தொகுப்பின் முன்னுரையில், தனக்கு முன் சட்டம் செய்த மூன்று அரசர்களின் பெயரைச் சொல்லி, அவர்களுடைய சட்டங்களில் நியாயமாகப் பட்டவற்றைத் தொகுத்ததாக எழுதினான். ஒருவன் வெசெக்ஸின் இனே. ஒருவன் கென்ட்டின் எத்தல்பெர்ட்; தலை வெட்டப்பட்ட கிழக்கு ஆங்கிலிய எத்தல்பெர்ட் வேறு, இவன் வேறு. மற்றொருவன் மெர்சியாவின் ஒஃபா. இனேயின் சட்டமும் எத்தல்பெர்ட்டின் சட்டமும் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. ஒஃபாவின் பெயரில் ஒரு சட்ட நூலும் கிடைக்கவில்லை.